எழுதுன தாளுக்கு ரேட் கம்மி சார்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பரண் மேல் கிடப்பதை எல்லாம் இறக்கு என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இரண்டு தகரப் பெட்டி, நாலு அட்டைப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை. எல்லாம் என் சரக்கு. பேப்பர் கட்டிங், குறிப்பு நோட்டு, ஜெராக்ஸ் கட்டுகள், கோர்ட் சம்மன், பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிய போன் நம்பர்கள். பழைய பேப்பர்காரர் வந்து குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். கட்டிங்குகளை ஒரு பக்கமும் நோட்டுகளை இன்னொரு பக்கமும் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நியூஸ் பேப்பரா இருந்தா ஒரு ரேட்டு. எழுதுன தாளுக்கு ரேட் கம்மி சார்."

முப்பத்து நாலு வருஷம் எழுதித்தான் சோறு சாப்பிட்டிருக்கிறேன். இவ்வளவு நேராக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

நோட்டுகளைக் கொடுக்கவில்லை. சாக்கை மட்டும் கொடுத்தேன். பெட்டியைத் திரும்ப அடுக்கும்போது கையில் கிடைத்த ஒரு ஜெராக்ஸ்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

1984-ல் தர்மபுரியில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராகச் சேர்ந்தேன். 2018-ல் ஓய்வு. பேப்பர் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை, பெரிய பாசமும் இல்லை. முதல் ஆறு வருஷம் சம்பளம் கிடையாது, அச்சான செய்தியின் நீளத்தை அளந்து காசு. மாதக் கடைசியில் கட்டிங்கை எல்லாம் வெள்ளைத் தாளில் ஒட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, சென்டிமீட்டர் கணக்குப் போட்டு அனுப்ப வேண்டும். மூன்று வாரம் அலைந்து எழுதினதும் சென்டிமீட்டர்தான், மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகமும் சென்டிமீட்டர்தான். கும்பாபிஷேகத்தில் பொங்கலும் கிடைக்கும்.

செய்தி அனுப்புவது தனிக் கூத்து. சாயந்திரம் ஐந்தரை மணிக்குள் எழுதி கவரில் போட்டு, சேலம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் அங்கே பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வந்து வாங்கிக்கொள்வான். அதற்கு மேல் ஏதாவது நடந்தால் டிரங்க் கால், அதாவது வெளியூர் போன். லைன் கிடைத்ததும் கத்த வேண்டும். "மாரிமுத்து. மாம்பழத்துல வர்ற மா. இல்ல சார், பாரிமுத்து இல்ல, மா, மா!" என்று நான் கத்துவதைக் கேட்டு பக்கத்து ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். செத்தவர் பெயரை மூன்று முறை கத்திச் சொன்ன நாட்கள் உண்டு. அப்புறம் ஃபேக்ஸ் வந்தது, மெயில் வந்தது, ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு தமிழ் எழுத்துரு என்று ஒரு பத்து வருஷம் கஷ்டப்படுத்தியது, இப்போது வாட்ஸ்அப். சரி, இதெல்லாம் எல்லாரும் சொல்கிற கதை.

புலனாய்வு என்ற வார்த்தை எங்களை மாதிரி மாவட்டத்துத் தினசரிக்காரர்களுக்குக் கிடைத்ததே இல்லை. ஜூனியர் விகடன் 1983-ல் வந்தது, நக்கீரன் 1988-ல். புலனாய்வுப் பத்திரிகை என்றால் தமிழில் வாரம் இருமுறை வருகிற அந்த இதழ்கள்தான் என்று ஆகிவிட்டது. நாங்கள் 'லோக்கல் நிருபர்'. ஆனால் நான் செய்த உருப்படியான வேலை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது இந்த வகைதான். அதில் ரகசிய கேமராவும் கிடையாது, நள்ளிரவுச் சந்திப்பும் கிடையாது. தாலுகா ஆபீஸ் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பது. அவ்வளவுதான். சிட்டா, எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதுகிற அடங்கல், 'அ' பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று என்று எல்லாம் நிலக் கணக்கு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கிராமக் கணக்கு எழுதிய கர்ணம், ஊர்த் தலைவராக இருந்த மணியக்காரர் பதவிகளை ஒழித்துவிட்டு கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. நான் வேலைக்கு வந்த சமயத்தில் பழைய கர்ணங்கள் சிலர் வேலை போன கோபத்தோடு திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நிலக் கணக்கு படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். "அடங்கல் எழுதறவன் வயலுக்குப் போனானான்னு முதல்ல பாரு தம்பி" என்பார் ஒருவர். அவர் சொன்ன மாதிரியே ஒரு தடவை அடங்கலில் நிலக்கடலை என்று எழுதியிருந்த சர்வே நம்பருக்குப் போய்ப் பார்த்தால் டூரிங் டாக்கீஸ் நின்றுகொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். படம் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த ஜெராக்ஸுக்கு வருகிறேன்.

1994, பங்குனி வெயில். ஒரு ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்த கிளார்க் ஒருவர் என்னைத் தேடிவந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சப்பை, அதற்குள் டிபன் பாக்ஸ். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க பெரியப்பா செத்து மூணு வருசம் ஆச்சு சார். ஏரி வேலைக்குப் போயிருக்காரு" என்றார். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, கணக்கில் வந்த வித்தியாசத்தைச் சொல்வது மாதிரி சொன்னார்.

அப்போது ஜவகர் வேலைவாய்ப்புத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. 1989-ல் ஆரம்பித்தது. ஊருக்குள் ஏரி தூர்வாருவது, ரோடு போடுவது, கூலி கொஞ்சம் பணம் கொஞ்சம் அரிசி என்று. இதில் ஒப்பந்தக்காரரே கூடாது என்பது விதி. ஆனால் பஞ்சாயத்துகளில் கேள்வி கேட்க யாரும் இல்லை, தமிழ்நாட்டில் 1986-ல் நடந்த உள்ளாட்சித் தேர்தல் அதன் பிறகு 1996-ல்தான் நடந்தது, நடுவில் 1991-ல் இருந்து தனி அலுவலர்கள் ராஜ்ஜியம். யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று எழுதி எதிரே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிற வருகைப் பட்டியலுக்கு மஸ்டர் ரோல் என்று பெயர். ஒன்றிய அலுவலக பீரோவில் அது இருக்கும். அதைப் பொதுஜனம் பார்க்க முடியாது. பத்திரிகைக்காரனும் பார்க்க முடியாது. தகவல் உரிமைச் சட்டம் எல்லாம் அப்போது யாரும் கேள்விப்படாத ஒன்று.

அவர் அந்த மஞ்சப்பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் மடித்து, பதினாலு தாள் ஜெராக்ஸ் கொண்டுவந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ரோலை எடுத்துக்கொண்டு போய் ஆபீஸுக்கு எதிரே இருந்த கடையில் போட்டிருக்கிறார். ஒரு தாள் ஒரு ரூபாய். அந்தப் பதினாலு ரூபாயை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தார். "எங்க பெரியப்பா பேரு மட்டும் பேப்பர்ல வரக்கூடாது சார்."

43 பேர், 45 நாள். முதலில் கண்ணில் பட்டது கைநாட்டுதான். ஜெராக்ஸில் பாதிக்கு மேல் கறுப்புத் திட்டாக விழுந்திருந்தது, ஆனால் ஏழெட்டு இடத்தில் ரேகை தெளிவாக இருந்தது. எல்லாவற்றிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று. கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் செய்கிறவரிடம் போய், கண்ணில் மாட்டிக்கொள்கிற அந்தக் குட்டிக் குழாய் லென்ஸைக் கடன் கேட்டேன். எதற்கு என்றார். காட்டினேன். அவரே மாட்டிக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் பார்த்தார், நடுவில் வந்த ஒரு வாடிக்கையாளரை அப்புறம் வா என்று அனுப்பினார். பிறகு நிமிர்ந்து, "சார், இது ஒரே ஆளோட கட்டைவிரல். அருவா பட்ட தழும்பு. தையல் போடாம ஆறியிருக்கு" என்றார். போலீசில் ரேகை நிபுணர் என்று சம்பளம் வாங்குகிறவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, எனக்கு அவர் சொன்னதே போதும். ஆனால் பேப்பருக்குப் போதாது.

அதனால் ஊருக்குப் போனேன். டி.வி.எஸ். 50-ல் ஒன்பது நாள். பட்டியலை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று பெயரைச் சொல்வது, அவ்வளவுதான் வேலை. ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தி முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமல், "அவரு போயிட்டாருங்களே" என்றாள். எங்கே என்றேன், வேலைக்கா பெங்களூரா என்ற நினைப்பில். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சுடுகாட்டுக்குச் சாமி." அவள் புருஷன் அந்த ஏரியில் 45 நாள் மண் வெட்டி, கூலியும் அரிசியும் வாங்கியிருந்தான், ரோல்படி. அரிசி வந்ததா என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கேட்டேன். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் தொழில் நடக்கிறது, அதற்கு ஒரு தடித்த தோல் வேண்டும், அது எனக்கு வளர்ந்துவிட்டது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

43-ல் 11 பேர் செத்தவர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஒவ்வொருவரையும் சரிபார்த்தேன், அவர் நல்ல மனுஷன், எதற்கு என்று கேட்காமலே எடுத்துக் காட்டினார், ஒருவேளை தெரிந்தேதான் காட்டினாரோ என்னவோ. 19 பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள், எங்கள் மாவட்டத்துக்கே அதுதான் பிழைப்பு. ஒன்பது பேர், அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது என்றார்கள். நாலு பேரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கட்டைவிரல் யாருடையது என்பதையும் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம், டீக்கடையில் எவன் கிளாஸைப் பிடித்தாலும் கட்டைவிரலைப் பார்ப்பேன்.

மொத்தத் தொகை கூலி, அரிசி எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் கிட்ட. போஃபர்ஸ் பீரங்கி ஊழலில் 64 கோடி. எங்கள் டெஸ்க்கில் ஒருவர் இதைச் சொல்லியே சிரித்தார். ஆனால் செய்தி முதல் பக்கத்தில் வந்தது, மஸ்டர் ரோலின் ஒரு பக்கத்தைப் படமாகவும் போட்டார்கள். அந்தப் பக்கத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவருடைய பெரியப்பா பெயர் இல்லாத பக்கமாகத் தேடி எடுத்தேன். ஓரத்தில் யாராவது பென்சிலில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தேன். மடிப்புத் தெரிகிறதா என்று பார்த்தேன். அவ்வளவு ஜாக்கிரதை.

நாலாவது நாள் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. தளி ஒன்றியம். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, 2004-ல்தான் பிரிந்தது, அதனால் ஒரே மாவட்டத்துக்குள் மாறுதல் என்ற பெயரில் கர்நாடக எல்லை வரை ஒரு மனிதரைத் தள்ளிவிட முடிந்தது. அரிசி தின்றவர்கள் இரண்டு பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆறு மாதத்தில் திரும்பி வந்தார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வும் வந்தது.

எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஒரு பிரஸ் மீட் முடிந்து வெளியே வரும்போது அதிகாரி ஒருவர் தோளில் தட்டி, "உங்க பேப்பர்ல படம் ரொம்பத் தெளிவா இருந்துச்சு சார். கோடு உட்பட" என்று சிரித்துவிட்டுப் போனார். என்ன கோடு? ரேஷன் கார்டுக்கு நகல் எடுக்க நானே அந்த எதிர்க்கடைக்குப் போன அன்றுதான் விளங்கியது. அவர்கள் மெஷினுக்குள் நகல் எடுக்கிற உருளை, டிரம் என்பார்கள், கீறியிருந்தது. போடுகிற ஒவ்வொரு தாளிலும் இடது ஓரத்தில் இருந்து இரண்டு விரல்கடை தள்ளி, மேலிருந்து கீழ்வரை, மயிர் மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். என் ரேஷன் கார்டு நகலிலும் இருந்தது. முதல் பக்கத்தில் வந்த படத்திலும் இருந்தது. கடையில் போய் அன்றைக்கு யார் வந்து ரோல் போட்டது என்று கேட்டால் பையன் சொல்லிவிடப்போகிறான். அவனுக்கு என்ன தெரியும்.

சட்டப்படி ஒன்றும் செய்யாமலே செய்து முடித்துவிட்டார்கள். செய்திக்கு ஆதாரம் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கும்படி பத்திரிகைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1978-ம் வருஷத்துப் பிரஸ் கவுன்சில் சட்டத்தில் ஒரு வரி உண்டு. அது அந்தக் கவுன்சில் விசாரிக்கும்போது மட்டும்தான், கோர்ட்டுக்குப் பொருந்தாது. முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைப் பாதுகாக்க 2014-ல் ஒரு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து, அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். சட்டம் இருந்திருந்தாலும் அந்தக் கோட்டில் இருந்து அவரைக் காப்பாற்றியிருக்காது, அது வேறு விஷயம். அது என் கண் பார்க்க வேண்டிய வேலை.

போஃபர்ஸ் விஷயத்தில் பத்திரிகையாளர் சித்ரா சுப்ரமணியத்துக்கு ஆவணங்களைக் கொடுத்தவர் யார் என்று 25 வருஷம் உலகத்துக்குத் தெரியாது. 2012-ல் ஸ்வீடன் போலீஸில் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் தானே முன்வந்து நான்தான் என்று சொன்னார். அந்தச் செய்தியை நான் சேலம் ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்த பையன்கள் எல்லாம் லஞ்சம், ராஜீவ், கமிஷன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு 25 வருஷம் என்ற எண் மட்டும்தான் மண்டையில் ஓடியது. நான் நாலு நாள்.

1995-ல் ஒரு தடவை தளிக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒற்றை அறையில் இருந்தார். யானை வருகிற ஊர், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டே ஸ்டவ்வில் டீ போட்டுக் கொடுத்தார். ராகி விலை பேசினோம். குளிர் பற்றிப் பேசினோம். கோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன், சொல்லாமல் கடைசி பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னவோ ஒரே ஒரு தப்பு மட்டும் செய்த யோக்கியன் மாதிரி ஆகிவிடும். 1992 ஜூன் 20, சனிக்கிழமை. அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் புகுந்தார்கள். ஊரை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளை இடித்து, தானியத்தைக் கொட்டி, கிணற்றைக் கெடுத்தார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் ஜெயிலில் அடைத்தார்கள். தர்மபுரியில் இருந்து அரூர் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ் அடிக்கடி உண்டு.

நான் போகவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ சந்தனக்கட்டை ரெய்டு என்று காதில் விழுந்தது. அந்தக் காலத்தில் வீரப்பன் பெயரைச் சொல்லிச் சந்தனக்கட்டை பிடிபடாத வாரமே கிடையாது. இன்னும் ஒன்று என்று விட்டுவிட்டேன். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் ஊருக்குள் போய்ப் பார்த்து வெளியே கொண்டுவந்த பிறகு, எல்லாரோடும் சேர்ந்து நானும் போனேன். அப்போதும் முதலில் அதிகாரிகள் தரப்பைத்தான் கேட்டேன், பழக்க தோஷம். அந்த ஊர்ப் பெண்கள் பத்திரிகைக்காரனை நம்பி உட்காரவில்லை. சி.பி.ஐ. விசாரணை, அடையாள அணிவகுப்பு, சாட்சிக் கூண்டு என்று ஒவ்வொன்றுக்கும் வந்து நின்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், வனத்துறையில் 155, போலீஸில் 108, வருவாய்த்துறையில் ஆறு. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட்டில் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளி. 17 பேர் மேல் பாலியல் வன்கொடுமையும் நிரூபணம். 2023-ல், அதே செப்டம்பர் 29-ல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது.

2011 தீர்ப்பு அன்றைக்கு எங்கள் பேப்பருக்கு எழுதினது நான்தான். நல்ல சென்டிமீட்டர். சின்னப் பையன் ஒருவன், புது நிருபர், "அண்ணே, நீங்க அப்பவே கவர் பண்ணீங்களாண்ணே?" என்று கேட்டான். பண்ணினேன் என்றேன். பொய் இல்லை, நிஜமும் இல்லை.

அவதூறு வழக்கு, மிரட்டல், வண்டி டயர் கிழிந்த கதை எல்லாம் என்னிடமும் உண்டு. அதை எழுதினால் நான் பெரிய ஆள் மாதிரித் தெரியும், அதனால் வேண்டாம். ஒன்று மட்டும். சென்னையில் ஒரு வழக்குக்கு நாலு வருஷம் வாய்தா வாய்தாவாகப் போனேன். ஒவ்வொரு தடவையும் ராத்திரி பஸ், காலையில் ஸ்டாண்டிலேயே பல் தேய்த்து, கோர்ட்டில் பேர் கூப்பிட்டதும் "இருக்கேன் ஐயா" என்று ஒரு வார்த்தை, திரும்ப ராத்திரி பஸ். கேஸ் கடைசியில் வாபஸ். தண்டனை என்றால் அந்த பஸ் பயணம்தான். என் இடுப்பு வலிக்கு அரசாங்கம்தான் பொறுப்பு என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

2005 அக்டோபர் 12-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒன்று இருந்தது, நாட்டிலேயே முதல் வரிசை என்று பெயர் வாங்கினது, விதிவிலக்குப் பட்டியலைப் படித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. 2005 சட்டம் வேறு ரகம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால் முப்பது நாளில் பதில், நகல் ஒரு பக்கம் இரண்டு ரூபாய். இந்தச் சட்டத்துக்கு விதை போட்டது ராஜஸ்தான் கிராமங்களில் கூலித் தொழிலாளர்கள் சங்கம் ஒன்று நடத்திய பொது விசாரணைகள் என்று பிறகு படித்தேன். ஊர் நடுவில் பந்தல் போட்டு, அரசாங்கத்து வருகைப் பட்டியலைச் சத்தமாக வாசித்து, இந்த ஆள் வேலை செய்தானா என்று கேட்டிருக்கிறார்கள். செத்தவர்கள் பெயர் அங்கேயும் வந்திருக்கிறது. முதல் விசாரணை 1994 டிசம்பர். நான் டி.வி.எஸ். 50-ல் அதே வேலையை ரகசியமாகச் செய்துகொண்டிருந்த அதே வருஷம். அவர்கள் ஊர் கூடிச் செய்தார்கள், ஒரு தனி ஆளைக் கண்டுபிடித்துத் தளிக்கு மாற்ற முடியாது. இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் ஊர் கூடிப் படித்துவிட்டால் நாளைக்கு எனக்கு எக்ஸ்க்ளூசிவ் ஏது என்றுதான் யோசித்திருப்பேன்.

இப்போது அந்தச் சட்டத்தையும் நாலு பக்கமும் நறுக்குகிறார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் அதன் 8(1)(j) பிரிவைத் திருத்திவிட்டது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தனிநபர் தகவலையும் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். மஸ்டர் ரோலில் இருப்பது எல்லாம் தனிநபர் பெயர்தானே. யோசித்துப் பாருங்கள்.

சரி, கடைசியாக ஒன்று.

என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வீட்டில் ஒழுங்காக வருகிற வருமானம் அவளுடையது. வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்துக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும், நேர்காணல் என்று பெயர், பழைய ஆட்கள் மஸ்டரிங் என்பார்கள். போன வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் மடியில் அதே மாதிரி ஒரு மஞ்சப்பை.

நன்றாகத்தான் பேசினார். பேத்தி ஓசூரில் வேலைக்குப் போகிறாள். தளியில் ஏழு வருஷம் இருந்தாராம். பேச்சு தானாகவே அங்கே போனது. "அந்த ஜெராக்ஸ் கடைப் பையன்தான் சார் போட்டுக் குடுத்தது. காசு வாங்கிட்டுச் சொல்லியிருப்பான். அப்புறம் அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சான், நான் போகல. எதிர்ல வந்தாலும் பேச மாட்டேன்" என்றார்.

முப்பது வருஷம்.

சொன்னேன். டிரம்மில் கீறல், இடது ஓரம், இரண்டு விரல்கடை, முதல் பக்கம், நான் தேர்ந்தெடுத்த தாள். எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னேன், அவர் டோக்கன் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று.

"கோடா?" என்றார்.

"ஆமாங்க."

என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நம்பர் கூப்பிட்டுவிட்டார்கள். பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். மேஜையில் இருந்த பெண் ரேகை மெஷினைத் திருப்பி வைத்தாள். கட்டைவிரலை வைத்தார். சிவப்பு விளக்கு. இன்னொரு தடவை வைத்தார், மறுபடியும் சிவப்பு. "ரேகை விழல ஐயா. கையை நல்லாத் தொடச்சிட்டு வைங்க" என்றாள் அந்தப் பெண். அவர் வேட்டி நுனியை எடுத்து, அவசரமே இல்லாமல், அந்த விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார்.